சைக்கிள் ரியூப் அளவில் ஒரு பங்கர்

போன கிழமை மகனின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு நிறைய ரப்பர் பசை வாசம். அந்த நேரம் பார்த்து யாழினி தொலைபேசியில் கூப்பிட்டாள். என் அக்காவின் மகள், இப்போது முன்பள்ளி ஆசிரியை. அவளிடம் படிக்கிற பொடியன் ஒருவன் வீட்டுக்குப் போனதும் மேசைக்குக் கீழே புகுந்துவிடுகிறானாம். சாப்பிடக் கூப்பிட்டால் கடிக்கிறானாம். தாய்க்காரி வந்து அழுதுவிட்டுப் போனாவாம்.

"மாமா, சின்னனில என்னை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் பசை வாசத்தோடு எங்கள் பழைய ஊர் ஸ்கந்தபுரமும் நினைவில் வந்துவிட்டது.

சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். நான் சைக்கிள் கடையில் உதவியாள். புதுச் சாமான் எதுவும் வராததால் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் ரியூப் எது, ஒட்டு எது என்று எங்களுக்கே தெரியாமல் போனது. மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். யாழினியின் தகப்பன், என் அத்தான், ஒரு அலுவலாக வவுனியா போக, பாதை அவருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. அக்கா தையலுக்குப் போய் பொழுதுபடத்தான் வருவாள். ஆக, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பொழுதுபடும்வரை ஆறு வயது யாழினிக்கு நான்தான் காவல். இருபத்திரண்டு வயதில், மீசை வைத்த ஆயா.

பள்ளிக்கூடத்தில் அவளைப் போல் அடக்கமான பிள்ளை இல்லை என்று ரீச்சர் சொல்லுவா. எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டினதும் புத்தகப் பை ஒரு பக்கம் பறக்கும். சப்பாத்து கிணற்றுக்குள் போகும். சோற்றை நீட்டினால் கையில் கடி. என் கையைப் பார்த்துக் கடைக்காரர் நாய் கடித்ததோ என்று விசாரித்தார். மருமகள் என்றேன். அவர் ஒட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகுதான் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் விமானம் வருகிறது என்று விசில் ஊதினால் பிள்ளைகள் பங்கருக்குள், அதுதான் பதுங்குகுழிக்குள், ஓடிக் காதைப் பொத்திக்கொண்டு குந்த வேண்டும். அழக்கூடாது. சில நாட்களில் நாலு, ஐந்து தரம் ஊதும். அங்கே அழாத அழுகையை எல்லாம் யாழினி சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நான் குரங்காக நடித்தேன். காகமாகக் கத்தினேன். காகத்துக்கும் கடி விழுந்தது.

ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையும் கையுமாக அவளைத் துரத்திக்கொண்டிருந்தபோது கிபிர் குண்டுவிமானம் வந்தது. வானம் கிழிகிற அந்தச் சத்தத்தில் எனக்குப் பிள்ளையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. முற்றத்துப் பங்கருக்குள் கோப்பையோடு பாய்ந்தேன். பாய்ந்த பிறகுதான் நினைவு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அவள் ஆறுதலாகப் படி இறங்கி வந்து, என் பக்கத்தில் குந்தி, கோப்பையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் விமானம் வராமலே சோற்றைப் பங்கருக்குள் கொண்டுபோனேன். அங்கே பாய் விரித்தோம், பொம்மை வந்தது, கொப்பி வந்தது. கடி நின்றது. அக்கா அயலட்டை முழுக்கத் தம்பியின் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தாள். உண்மை என்னவென்றால், மத்தியானங்களில் எனக்கு முற்றத்தில் நிற்கவே பயம். பிள்ளையைச் சாட்டி நான்தான் உள்ளே குந்தியிருந்தேன்.

அந்த வினை சீக்கிரமே வந்தது. ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வர, ஊர் முழுக்க வெளிக்கிட்டது. படலையில் அயல் வீட்டு உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்க, யாழினி பங்கரை விட்டு வரமாட்டேன் என்று அதன் கூரையைத் தாங்கின மரக்குற்றியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அக்கா மேலே நின்று கெஞ்சினாள். "தம்பி, இனி நிக்க ஏலாது, நான் எடுக்கப்போறன்" என்றார் ஓட்டுகிறவர்.

நான் உள்ளே இறங்கினேன்.

"போற இடத்தில பங்கர் இருக்குமோ?"

"நான் வெட்டித் தாறன்."

"அம்மா, நீங்கள், நான், மூண்டு பேரும் இருக்க இடம் காணுமோ? இந்த அளவோ?"

பாய் கட்ட வைத்திருந்த பழைய சைக்கிள் ரியூப் ஒன்று என் தோளில் கிடந்தது. வளையத்தை வெட்டி ஒரே நீளமாக்கியது. ஒரு நுனியை அவளிடம் கொடுத்து, மற்றதை எதிர்ச் சுவர் வரை இழுத்துப் பிடித்து, இதுதான் அளவு என்று காட்டினேன். அவள் அதை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினாள்.

முதலில் போய் இறங்கிய தர்மபுரத்தில், இறுகிய மண்ணில் அலவாங்குக் கம்பி துள்ளியது. பாதி வெட்டினதும் நாரி விட்டு எனக்கு இடுப்பு நிமிரவில்லை, அதோடு நிறுத்தினேன். யாழினி ரியூபோடு வந்தாள். ரப்பர் இழுக்கிற அளவுக்கு நீளும் என்பது சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியும், ஆறு வயதுக்கு எங்கே தெரியப்போகிறது? இந்தமுறை கொஞ்சமாக இழுத்தேன். "சரியா இருக்கு மாமா" என்றாள். அடுத்து உடையார்கட்டில் வெட்டினது அதைவிடச் சின்னன், இழுக்கவே இல்லை. அப்போதும் சரியாக இருந்தது. சின்னப் பிள்ளையை ஏய்த்த பெருமையில் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதற்குள் பள்ளிக்கூடம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. புத்தகப் பை தலையணையானது. அவள் கடிக்கவில்லை, எறியவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒரு தரமாவது கடிக்கமாட்டாளா என்று எனக்கு இருந்தது. அந்த அடக்கம் ஷெல்லை விடப் பயமாக இருந்தது.

கடைசியாகக் கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிந்தது. அக்கா தன் சீலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தாள். மண்வெட்டி எங்கேயோ விடுபட்டுப்போக, சோற்றுக் கோப்பையால் கிண்டினேன். அள்ளியதில் பாதி திரும்ப உள்ளேயே கொட்டியது. முழங்காலை நெஞ்சோடு மடக்கினால் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான். யாழினி ரியூபோடு வந்து நின்றாள். தொய்யவிட்டுப் பிடித்தாலும் பாதி வெளியே கிடக்கும். என்னிடம் சொல்லப் பொய் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் நான் வெட்டின கிடங்கைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரியூபை இரண்டாக மடித்து, ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குக் கவனமாகப் பிடித்தாள்.

"சரியா இருக்கு மாமா. மூண்டு பேருக்கும் காணும். நீங்கள் முதல் இறங்குங்கோ."

மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தோம். ஸ்கந்தபுரத்துப் பங்கரை இப்போது மூடிவிட்டார்கள். மேலே வாழை நிற்கிறது. சைக்கிள் கடை இருந்த இடம் தெரியவில்லை. ரியூப் அந்த மணலிலேயே கிடந்திருக்கும்.

தொலைபேசியில் இவ்வளவும் சொல்லவில்லை. சோற்றை மேசைக்குக் கீழே கொண்டுபோகச் சொல்லு, தாயையும் பக்கத்தில் குந்தச் சொல்லு என்று மட்டும் சொன்னேன். வைக்கப்போகிற நேரம் மனம் கேட்காமல், அந்த ரியூப் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தொலைபேசியைக் காது மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன ரியூப் மாமா?" என்றாள்.

மறந்துதான் போனாளா, இப்போதும் எனக்காக இரண்டாக மடித்துப் பிடிக்கிறாளா, தெரியவில்லை.