புல்தரையில் பாதியில் நின்ற கோடு

குளிர்காலம் மூடுவதற்கு முன் புல்தரைக்குப் போடும் கடைசி உரத்துக்கு உரிய நாளை எங்கள் வீட்டில் நான்தான் பார்த்துச் சொல்வேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்று நடந்தவற்றுக்கு வேறு யாரையும் காரணமாக்கி நான் எழுதத் தொடங்கிவிடக் கூடாது.

இந்தப் பனி நாட்டுக்கு வந்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிய முதலாவது இலையுதிர்காலத்தில் என் கணவர் உரத்தை முந்திப் போட்டுவிட்டார். புல் ஏமாந்துபோய் இளந்தளிர் விட்டது. ஒரே வாரத்தில் உறைபனி அதைக் கருக்கியது. பனி உருகியபோது முற்றமெங்கும் சாம்பல் நிறப் பூஞ்சணம் வட்டம் வட்டமாகக் கிடந்தது. அடுத்த ஆண்டு பயந்து பிந்திப் போட்டார். நிலம் இறுகிவிட்டிருந்தது. குறுணிகள் மேலேயே கிடந்து, வசந்தத்தில் பனிநீரோடு வீதி வடிகாலுக்குள் போயின. அதற்குப் பிறகு நான் நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து படித்தேன். மேலே வளர்ச்சி நின்றிருக்க வேண்டும், கீழே வேர் விழித்திருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். வெட்டி இரண்டு கிழமையாகியும் புல் உயரக் கூடாது. ஒரு நாளுக்குள் மெல்லிய மழை வர வேண்டும். இவையெல்லாம் ஒன்றுகூடும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோதான். தயிர் தோய்ப்பதற்குப் பாலின் சூடு பார்க்கும் வெப்பமானியை நான் மண்ணில் குத்திப் பார்ப்பதுண்டு.

“பாலுக்கும் நிலத்துக்கும் ஒரே கோல்தானோ? கழுவிப்போட்டு வையும்,” என்பார் என் கணவர்.

அதே வாரங்களில்தான் கந்தசஷ்டி விரதமும் வரும். எங்கள் வழக்கில் அதை ஒருமுறை தொடங்கினால் ஆறு ஆண்டுகள் விடாமல் பிடிக்க வேண்டும். இடையில் முறிந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஐந்து நாட்கள் மாலையில் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். ஆறாம் நாள், கோயிலில் சூரன்போர் முடிந்து முருகனின் வேல் சூரனை வீழ்த்தும்வரை தண்ணீரும் இல்லை. நான் சொல்லும் ஆண்டு அவருக்கு ஆறாவது ஆண்டு. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தும் நெடுங்காலம். விரத நாட்களிலும் காலைக் குளிசையை அவர் விடவில்லை. மருந்து சாப்பாடில்லை, ஆகவே அது விரதத்தை முறிக்காது என்று ஒரு சட்டத்தைத் தாமே இயற்றி வைத்திருந்தார். அந்தக் குளிசையோ, வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும் வகை.

“இஞ்சேருங்கோ, சாப்பிடாமல் இதைப் போடக் கூடாதெண்டு பெட்டியிலை எழுதிக் கிடக்கு.”

“எழுதினவன் விரதம் பிடிக்கிறவனே?”

“டொக்டரை ஒருக்காக் கேப்பம்.”

“கேட்டா விடச் சொல்லுவார். அதாலைதான் கேக்கேல்லை.”

அந்த ஐந்து நாட்களும் நான் அவரைக் களவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாரா, பேப்பரைப் பிடித்த விரல் நடுங்குகிறதா என்று. அச்சம் என்பது என்னிடம் ஒருவகைச் சுறுசுறுப்பாகவே வெளிப்படும். தேவையில்லாத அலுமாரிகளையெல்லாம் துடைத்தேன்.

ஆறாம் நாள் காலை மண்ணைப் பார்த்தேன். புல் நின்றுவிட்டது. மண் குளிர்ந்திருந்தது, ஆனால் வெப்பமானி மண்ணுக்குள் தடையின்றி இறங்கியது. இரவு மழை, மறுநாள் தொடக்கம் கடும் உறைபனி என்று வானொலி சொன்னது. யன்னலோரம் நின்று, “இண்டைக்கு விட்டா இனி இல்லை,” என்றேன். நான் அதை ஒரு தகவலாகச் சொன்னேன். அவர் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் அப்படித்தான் எடுப்பார் என்பதை அறியாதவளல்ல நான்.

“அப்ப வண்டியை நான் தள்ளுறன். நீங்கள் இருங்கோ,” என்றேன் பிறகு.

“நீர் தள்ளினாக் கோடு வளையும். கோயிலுக்கு அஞ்சு மணிக்குத்தானே வெளிக்கிடவேணும். அதுக்குள்ளை முடிச்சுப்போடுவன்.”

உரம் தூவும் வண்டி எளிமையான சாமான். இரண்டு சில்லு, மேலே ஒரு பெட்டி, கைப்பிடியில் ஒரு நெம்பு. நெம்பை இழுத்துத் தள்ளினால் சில்லு சுழலச் சுழலக் குறுணிகள் ஒடுங்கிய பட்டையாய் நிலத்தில் விழும். வேலிக்கும் வீட்டுக்கும் இடையே நீளவாட்டில் அவர் கோடு கோடாகப் போவார். அந்தச் சில்லுக்குக் கறகறவென்று ஒரு சத்தம் உண்டு. கோடு முடிந்து திரும்பும்போது சற்றே ஓயும். பிறகு மறுபடியும் தொடங்கும். சமையலறைக் கதிரையில் புத்தகத்தோடு இருந்த எனக்குப் பின்முற்றம் தெரியாது. கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அவர் நடக்கிறார் என்று என் மனதைச் சத்தத்திடம் ஒப்படைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது. திரும்புகிறார் என்று நினைத்தேன். இன்னும் வரவில்லை. பெட்டியில் உரம் நிரப்புகிறார் என்று நினைத்தேன். அந்தப் பத்தியில் ஏழெட்டு வரிகள் மீதமிருந்தன. அவற்றை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தப் புத்தகத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

வண்டி முற்றத்தின் நடுவில் தனியாக நின்றது. அதன் பக்கத்தில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய தொப்பி. அது விழாமல் தலையிலேயே இருந்தது. அது எனக்கு ஏனோ நம்பிக்கை தந்தது. ஓடிப்போய்க் கழுத்தைத் தொட்டேன். மூச்சு வெண்ணிறமாகத் தெரியும் அந்தக் குளிரில் அவருடைய சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அம்மையார், பிரெஞ்சுக்காரி, கணவரை இழந்தவர், கார் நிறுத்தும் டெம்போக் கூடாரத்துக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தார். “ஐயோ, ஓடி வாங்கோ!” என்று நான் தமிழில்தான் கத்தியிருக்கிறேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கையில் திருகாணிச் சாவியோடு வந்தவர், ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, தொலைபேசியில் எங்கள் விலாசத்தைப் பிரெஞ்சில் உரக்கச் சொல்லத் தொடங்கினார்.

நான் உள்ளே போய்த் தோடம்பழச் சாறு எடுத்து வந்து, அவரை நிமிர்த்தி என் மடியில் சாய்த்து, கிண்ணத்தை உதட்டில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பினார். சாறு கழுத்து வழியே ஓடியது.

“விரதம்,” என்றார். நாக்கு தடித்திருந்தது. “தண்ணியும்… இல்லை.”

“இஞ்சேருங்கோ, இது மருந்து.”

“இல்லை.”

இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுங்கவும் இயலாமற் போகும் என்பதை நான் படித்திருந்தேன். அப்படிப் போன பிறகு வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் படித்திருந்தேன். படித்தது எல்லாம் அந்த நேரத்தில் ஒரு மணிக்கூடு போல எனக்குள் ஓடியது. அவர் கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் எதையோ விலக்கினார்.

“இருட்டிட்டுதே?” என்று கேட்டார்.

மேலே வானம் மழைக்கு முந்திய வெள்ளையாய்க் கண் கூசும்படி இருந்தது. இரண்டரை மணிகூட ஆகவில்லை. அவருக்குத்தான் பார்வை இருண்டுகொண்டு வந்தது.

“ஓம், இருட்டிட்டுது,” என்றேன். “கோயிலாலை வந்திட்டம். சூரன் விழுந்திட்டான். இனிக் குடிக்கலாம்.”

“நீர்… பாத்தனீரே?”

“பாத்தனான். ஆனைத்தலை, சிங்கத்தலை எல்லாம் போச்சு. குடியுங்கோ.”

வாயைத் திறந்தார். ஒரு குழந்தையைப் போல அல்ல. வேலை முடித்து வந்த ஆணைப் போல, பெரிய மிடறுகளாகக் குடித்தார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அம்மையார் தம் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவர்மேல் போட்டுவிட்டு, என் தோளில் கை வைத்து நின்றார். பக்கத்தில் நின்ற வண்டியின் நெம்பு திறந்தபடியே இருந்தது. உரம் ஒழுகி ஒழுகிச் சிறு குவியலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அதை மூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தார்கள். குடித்த பின்னும் கணக்கு மிகத் தாழ்வாகவே நின்றது. குளிசை உடலில் நெடுநேரம் வேலை செய்யும் என்பதால் மறுநாள்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்று மாலையே அவருக்கு நினைவு தெளிந்தது. யன்னலில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“இந்த ஊசி கணக்கில்லை,” என்றார் முதலில். “வாயாலை ஏதும் தந்தனீரே?”

“தோடம்பழச் சாறு.”

“எப்ப?”

“சூரன்போர் முடிஞ்ச பிறகு.”

“முழு வளவுக்கும் போட்டு முடிச்சனானே?”

“ஓம்.”

“அப்பச் சரி. ஆறும் நிறைஞ்சுது,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்தியர் குளிசையை மாற்றினார். இனி விரதமே கூடாது என்றார். என் கணவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவருக்குத்தான் ஆறும் நிறைந்துவிட்டதே. அவருடைய சம்மதம் முழுவதும் என் பொய்யின் மேல் நின்றது. உண்மை தெரிந்தால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். இன்னும் ஆறு ஐப்பசிகள், இந்த வயதில், இந்த உடம்போடு. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அதை மட்டுமே அஞ்சினேன். தொலைபேசியில் நண்பர்களிடம், “ஓம் அண்ணை, ஆறும் முடிச்சிட்டன்,” என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். வெளியே முற்றம் முழங்காலளவு பனியின் கீழ் இருந்தது. அந்தப் பனி எவ்வளவு காலம் கிடந்தாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

சித்திரையில் பனி போயிற்று. ஒரு காலை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பதைக் கண்டேன். வேலியோரத்திலிருந்து கோடு கோடாகக் கரும்பச்சை கிளம்பியிருந்தது. ஏழாவது கோடு நடுவழியில் நின்றது. அது நின்ற இடத்தில், ஒழுகிக் குவிந்த உரத்தில் தட்டளவுக்குப் புல் எரிந்து கருகிக் கிடந்தது. அதற்கு அப்பால் வளவு முழுவதும் வைக்கோல் நிறம்.

“இஞ்ச ஒருக்கா வாரும்.”

போனேன்.

“ஆறு முழுசு. ஏழாவது பாதி,” என்றார். “நான் தொடங்கேக்கை ரெண்டு மணி. அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒரு கோட்டுக்கு மூண்டு நிமிஷமெண்டு வைச்சாலும் ரெண்டரை ஆகேல்லை.” கருகிய இடத்தைக் குனிந்து பார்த்தார். “சூரன் அண்டைக்கு வெள்ளெனவே விழுந்திட்டார் போலை.”

நான் சொன்னேன். அன்று எழாமல் வாசித்து முடித்த அந்தப் பத்தியின் கடைசி வரிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“முருகன் வேலெடுக்க முன்னம் நீர் சூரனைக் கொன்றுபோட்டீர்,” என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் சொன்னார். “அப்பப் பேந்தும் ஒண்டிலையிருந்து.”

“இல்லை. முறிச்சது நான். அந்த ஆறையும் நான் பிடிக்கிறன்.”

“உமக்கு உதிலை நம்பிக்கை இல்லையே.”

“நீங்கள் மூச்சு விடுறதிலை இருக்கு. நான் பிடிக்கிறன், நீங்கள் சாப்பிடோணும். அதுதான் நேர்த்தி.”

அவர் கருகிய இடத்தைச் செருப்பு நுனியால் கிளறிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் புது விதை போடோணும்,” என்று மட்டும் சொன்னார். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அது சம்மதந்தானா என்று ஐப்பசி வரும்வரை எனக்கு உறுதியில்லை.

அடுத்த ஐப்பசியில் விரதம் தொடங்குமுன்பே உரத்தைப் போட்டு முடித்துவிட வேண்டும் என்று தினமும் மண்ணைப் பார்த்தேன். மண் எனக்காக அவசரப்படவில்லை. வெப்பம் நீடித்தது, புல் வளர்ந்துகொண்டே இருந்தது. நான் ஐந்து நாட்கள் பாலும் பழமுமாய் இருந்தேன். ஆறாம் நாள் காலைதான் வெப்பமானி இறங்கி நின்றது. இரவு மழை என்றது வானொலி. நான் ஒன்றும் பேசவில்லை. அவரே வந்து வெப்பமானியைக் குனிந்து பார்த்தார்.

“இண்டைக்கு விட்டா இனி இல்லை,” என்றார்.

மத்தியானம் அவர் எனக்கு முன்னால் இருந்து சோறு சாப்பிட்டார். குற்றவாளியைப் போலக் குனிந்து, ஆனால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். விரலில் குத்திக் கணக்கை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சட்டைப் பையில் சாறுப் பெட்டி ஒன்றை நானே வைத்துவிட்டேன். கதிரையைப் பின்கதவடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன், புத்தகம் எடுக்கவில்லை. சில்லு கறகறவென்று தொடங்கியது. கோடு முடிந்து அவர் திரும்பும்போது சத்தம் ஓயும். அவர் நிற்பதை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தும், ஓய்ந்த ஒவ்வொரு முறையும் நான் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

“என்னப்பா, காவல் இருக்கிறீரோ?” என்று அங்கிருந்து கேட்டார்.

“கோடு வளையுதோ எண்டு பாக்கிறன்.”

ஏழாவது கோட்டில் அவர் நடுவுக்கு வந்தபோது நான் எழுந்து நின்றேன். புதிதாய் முளைத்த புல் அந்த இடத்தில் இன்னும் வேறு பச்சையாகவே இருந்தது. சில்லு அதன்மேல் ஏறி, நிற்காமல் போயிற்று. எட்டாவது கோடு தொடங்கும்வரை நான் உட்காரவில்லை. பசியில் காது அடைத்திருந்தது. இன்னும் ஐந்து ஆண்டுகள்.