கால் சுற்றுத் தளர்வு

பாரிசவாதத்தில் அப்பாவின் இடது கை விழுந்தபோது, வைத்தியர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து நாள்தோறும் அமத்தச் சொன்னார். அப்பா அதை இரண்டு தரம் அமத்திவிட்டு ஜன்னல் கட்டின்மேல் வைத்துவிட்டார்.

"சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் வலக்கை இருக்குது. அது காணும்" என்றார்.

காணாது. சாரம் உடுக்க இரண்டு கை வேண்டும். அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்த மனிதருக்குத் தினமும் காலையில் அம்மா சாரம் கட்டிவிட்டாள். அந்த நேரம் அவர் சுவரைப் பார்த்தபடி நிற்பார். எனக்கு அதைக் காணப் பொறுக்காது.

அப்பாவின் கையைப் பற்றி லண்டனிலிருந்த அண்ணைக்கு எழுதினேன். அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் றிமோட்டில் ஓடுகிற விளையாட்டுக் கார் ஒன்றைக் கொடுத்துவிட்டார். றிமோட்டை இடக்கையால் பிடித்து, சுட்டுவிரலால் விசையை இழுத்தால் கார் ஓடும். வலக்கை அதன் பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் கதிரைக் கால்களுக்கிடையில் வளைத்து வளைத்து ஓட்டினார். ஆரம்பத்தில் வலக்கையால் இடது விரலைத் தூக்கி விசையில் வைக்கவேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் விரல் தானாகப் போனது. ஆனால் அந்தக் கையில் நோவோ சூடோ தெரியவில்லை, அது மரக்கட்டை என்பார்.

றிமோட் என்ற சொல்லுக்குச் சண்டை நடந்த அந்நாட்களில் வெளியே வேறு அர்த்தம் இருந்தது, வெடிகுண்டு. அதனால் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஓட்டம். முடிந்ததும் எல்லாம் அரிசிப் பெட்டிக்குள் போய்விடும்.

பிறகு கார் சறுக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தேன். பின் அச்சின் நடுவில் டிபரன்சியல். வளைவில் இரண்டு சில்லும் வேறுவேறு வேகத்தில் சுற்றவேண்டும் அல்லவா, அதற்கான பகுதி. லொறியில் அதற்குப் பல்லுச் சக்கரங்கள் இருக்கும். இதில் நடுப் பல்லுச் சக்கரத்தின் துளைகளுக்குள் சின்ன உருக்குக் குண்டுகள், இருபக்கமும் இரண்டு வளையங்கள், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க ஒரு திருகாணி. குண்டுகள் தேய்ந்து, வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தது.

நான் நீர்வேலியிலிருந்து நல்லூர் ரியூசனுக்குக் கணக்குப் படிப்பிக்கச் சைக்கிளில் போய்வந்தவள். என் சைக்கிளை நானே கழற்றிப் பூட்டுவேன், அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. பழைய சைக்கிள் பிறீவீல் ஒன்றை உடைத்ததில் அதே அளவுக் குண்டுகள் கிடைத்தன. மண்ணெண்ணெயில் கழுவினேன். வளையங்களைக் கண்ணாடியில் பரப்பிய அரத்தாளில் தேய்த்து, நல்ல பக்கம் குண்டுகளில் படும்படி திருப்பிப் போட்டேன். அண்ணை காரோடு அனுப்பியிருந்த கிறீஸில் ஒரு சொட்டுத் தடவினேன். ஆணியை முட்ட இறுக்கிக் கால் சுற்றுத் தளர்த்தினேன். சைக்கிள் சில்லின் அச்சில் கோன் பூட்டுகிற எவரும் அப்படித்தான் செய்வார்கள், சில்லு தடையில்லாமல் சுற்ற அந்தக் கால் சுற்றுத்தான் இடம் கொடுக்கும். கையில் பிடித்துச் சுற்றினேன். எண்ணெய் போல ஓடியது.

அப்பா விசையை இழுத்தார். மோட்டர் கத்தியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று தரம் இழுத்தார்.

"கை திரும்பவும் விட்டிட்டுது, பிள்ளை" என்று றிமோட்டை மேசையில் வைத்தார்.

விரல் விசையை முழுதாக இழுக்கவில்லை என்று நானும் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வேலையில் பிழை இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் கை இரண்டு நாள் மடியில் கிடந்தது. மூன்றாம் நாள் நானே எடுத்து இழுத்துப் பார்த்தேன். அதே கத்தல், அதே நிற்பு. அண்ணை காரோடு அனுப்பிய தாளை அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். இந்தக் குண்டுகள் வழுக்கி ஓடுவதற்கானவை அல்ல. இறுகப் பிடித்திருந்தால்தான் மோட்டரின் விசை சில்லுக்குப் போகும். நான் விட்ட கால் சுற்றில் எல்லாம் வழுக்கிப் போயிருந்தது.

ஆணியை இறுக்கிக்கொண்டு போய் அப்பாவின் முன் இருந்தேன்.

"உங்கடை கையிலை பிழையில்லை அப்பா. நான்தான் சைக்கிள் மாதிரிப் பூட்டிப்போட்டன்."

"என்னைத் தேற்றக் கதைக்கிறாய்."

"அப்ப நீங்களே பாருங்கோ. இரண்டு பின்சில்லையும் அசையாமல் பிடியுங்கோ. நான் நடுப் பல்லுச் சக்கரத்தை உருட்டுறன். அது உருண்டால் இன்னும் பிழை எண்டு அர்த்தம்."

வலக்கையால் ஒரு சில்லைப் பிடித்தார். மற்றதை இடக்கைக்குள் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பெருவிரலால் பல்லைத் தள்ளினேன். உருளவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணி எவ்வளவு இறுகியிருந்தாலும், இடக்கை நழுவினால் அந்தச் சில்லு சுற்றும், பல்லும் உருளும். சில்லு அசையவில்லை. என் நகம் வெளுத்தது.

"விடு பிள்ளை" என்றார் அப்பா. "எனக்கு விரல் நோகுது."

சொல்லிவிட்டு இடக்கையைப் பார்த்தார். நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். அவர் சில்லை விடவில்லை.