வைரவர் சொன்ன எஞ்சின்

எங்கள் வளவின் மூலையில், பூவரச மரத்தடியில் ஒரு சூலமாக நின்ற வைரவருக்கு வாகனம் நாய். அப்படிப்பட்டவரிடம் போய், பிக்கப்புக்குச் சின்ன எஞ்சின் நல்லதா, பெரிய எஞ்சின் நல்லதா என்று கேட்ட குடும்பம் வன்னியிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அவரும் பதில் சொன்னார். அந்தப் பதிலில்தான் நான் பல வருடங்கள் குழம்பிக் கிடந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மீளக் குடியேறி, தகரக் கொட்டில் கல்வீடாகி, அக்கராயனில் அப்பா பப்பாசித் தோட்டம் போட்டிருந்த காலம். பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக எங்களிடம் இருந்தது ஒரு லான்ட்மாஸ்ரர், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரமும், அதன் பின்னால் கொளுவிய பெட்டியும்தான். அது ஆடி அசைந்து கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய் பழமாகிவிடும், பழம் கூழாகிவிடும். சந்தையில் கழித்துவிட்டதை அப்பா திருப்பி ஏற்றிக்கொண்டு வருவார். ஆட்டுக்கு யோகம். அந்தக் காலத்தில் வீட்டில் எங்கள் எல்லோரையும்விட ஆடுதான் கொழுத்திருந்தது.

ஆகவே ஒரு பழைய பிக்கப் வாங்குவதென்று முடிவாயிற்று. அதுவரைக்கும் வீட்டில் ஒற்றுமைக்குக் குறைவில்லை.

வவுனியாவில் பழைய வாகனம் விற்கும் இடத்துக்கு எல்லோருமாக பஸ்ஸில் போனோம். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவிடம் அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே இருந்தது. ஆனால் உலகத்தில் ஓடுகிற எந்த வாகனத்தைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அங்கே இரண்டு பிக்கப் அருகருகே நின்றன. ஒரே சாதி, ஒரே வெள்ளை நிறம், ஒரே மூக்கு. ஒன்றின் எஞ்சின் சின்னது, மற்றதன் எஞ்சின் பெரியது என்றார் விற்பவர். நான் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தேன். பெரிய எஞ்சின் என்றால் வாகனம் எங்கேயாவது கொஞ்சமேனும் வீங்கியிருக்க வேண்டாமா? முன்மூடிகளைத் திறந்து காட்டினார்கள். அங்கேயும் இரண்டிலும் எண்ணெய் பிடித்த கறுப்பு இரும்புதான்.

"எது சித்தப்பா பெரிசு?" என்று கேட்டேன்.

சித்தப்பா கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றைக் காட்டினார். விற்பவர் இருமிக்கொண்டு மற்றதைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், பிந்தினால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்த பஸ் புளியங்குளம் சந்தியைத் தாண்டுவதற்கு முன்பே எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

அப்பா பெரிய எஞ்சின் கட்சி. "பாரம் ஏத்தினா சின்னது இளைக்குமப்பா. பெரிசெண்டா நேர தம்புள்ளை மொத்தச் சந்தைக்கே விடலாம். அங்க விடியவே பழத்தை இறக்கிப்போடலாம்" என்றார்.

அம்மா சின்ன எஞ்சின் கட்சி. "தம்புள்ளையில என்ன கிடக்கு? கிளிநொச்சிச் சந்தைக்குச் சின்னதே தாராளமாக் காணும். போனமா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்தமா எண்டு இருக்கவேணும்."

"ஏத்தத்தில பெரிசுதான் அண்ணி இழுக்கும்" என்று சித்தப்பா நடுவில் வாய் வைத்தார்.

"எந்த ஏத்தம்? எங்கட ஊரில குளக்கட்டை விட்டா வேற ஏத்தம் ஆர் கண்டது?"

சித்தப்பா அந்த இடத்திலேயே சின்ன எஞ்சின் கட்சிக்கு மாறிவிட்டார். அண்ணி சோறு போடுகிற வீட்டில் அண்ணன் பக்கம் நிற்பது அவருக்குப் புத்தியாகப் படவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் இதே கதைதான். அப்பா கலியாணத்துக்கு முதல் கண்டி வீதியில் லொறி ஓடியவர். ஆனால் சண்டை முடிந்து முகாமும் முடிந்து வந்த பிறகு அவர் எதையாவது ஆசைப்பட்டு நான் பார்த்ததேயில்லை. சட்டை எடுத்துக் கொடுத்தால் போடுவார், கறி எதுவானாலும் சாப்பிடுவார். அந்தக் கிழமைதான் முகத்தில் வேறொரு மனிதர் தெரிந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசையில் குழம்பு விரலால் கோடு கீறி, "இஞ்ச பார் பிள்ளை, இது வவுனியா, இதில திரும்பினா தம்புள்ளை" என்று எனக்குக் காட்டினார். அம்மா துணியைக் கொண்டுவந்து வவுனியாவையும் தம்புள்ளையையும் ஒரே இழுவையில் துடைத்துவிட்டார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மா மீது கோபம் கோபமாக வந்தது.

அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். யாரையும் அவர் வாசலில் நின்று வழியனுப்பமாட்டார். வீட்டிலிருந்து ஒருவர் வெளிக்கிட்டால் அம்மாவுக்குக் குசினி அடுப்பில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது "மணி அடிக்கப்போகுது" என்பார். "போ" என்றோ "போட்டு வா" என்றோ சொன்னதில்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது, அதுபோல அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்காதாக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. சுவரில் மாலை போட்ட படத்தில் அம்மாவின் தம்பி இருந்தார். எனக்கு மாமா. கடைசி இடம்பெயர்வில் இல்லாமல் போனவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மாதான் ஒரு வழி சொன்னார்.

"வைரவரிட்டப் பூக் கட்டிப் பாப்பம். அவர் சொல்லுறதுதான் முடிவு. பேந்து ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

எங்கள் பக்கத்தில் மனிதரால் தீர்க்க முடியாத வழக்குகள் இப்படித்தான் தீரும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. எது எதற்கென்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சூது வாது தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சின்ன எஞ்சின், சிவப்பு வந்தால் பெரிய எஞ்சின் என்று முடிவாயிற்று. சூது வாது தெரியாத பிள்ளைக்கு வேறெங்கும் தேடிப் போகவில்லை. நான் இருந்தேன்.

"நாய் வாகனத்தில போறவரிட்ட டீசல் எஞ்சினைப் பற்றிக் கேக்கிறியளே" என்று சித்தப்பா முணுமுணுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு ஈரத் தலையோடு பூப் பிடுங்கப் பின்வளவுக்குப் போனார். சிவப்புச் செவ்வரத்தையும் வெள்ளை நந்தியாவட்டையும் அங்கேதான் நின்றன. வெற்றிலையில் கட்டுவதுதான் முறை. வெற்றிலை இல்லாததால் இரண்டு பூவரசம் இலைகளில் சுற்றி, வாழைநாரால் கட்டி, சூலத்தடியில் கொண்டுவந்து வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். அப்பா கண்ணை இறுக்கி மூடி நின்றார். அவர் உதடு அசைந்தது. நானும் கண்ணை மூடி, "வைரவரே, அப்பா கேட்டதைக் குடும்" என்று வேண்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா நாரை அவிழ்த்தார். சிவப்பு.

அவர் பூவைக் காதில் செருகிக்கொண்டு, என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் தூக்கமாட்டார்கள். அதனால் அது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. சித்தப்பா, "நான் அப்பவே சொன்னனான், பெரிசுதான்" என்றார்.

"அவர் சொல்லிப்போட்டார். இனி என்ன கதை" என்று அம்மா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு மற்றப் பொட்டலத்தை மரத்தடிக்கு அப்பால் எறிந்தார். "அதை அவிழ்க்கக்கூடாது பிள்ளை. சாமி குற்றம்."

சாமி குற்றம் என்பது எனக்குத் தெரிந்தது. ஆட்டுக்குத் தெரியவில்லை. பூவரசம் இலை கண்டால் எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். எல்லோரும் வீட்டுக்குள் போன பிறகு நான் திரும்பிப் பார்த்தால், ஆடு பொட்டலத்தைக் காலால் அமத்தி, இலையைக் கிழித்து, உள்ளே இருந்ததை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து தொங்கியது ஒரு செவ்வரத்தம்பூ. சிவப்பு.

"அம்மா! இதுக்குள்ளயும் சிவப்பு!"

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆட்டின் வாயில் மிச்சமிருந்த பூவைத் தானே உள்ளே தள்ளிவிட்டார். ஆடு சந்தோசமாக மென்றது.

"என்ன சிவப்பு? நீ ஒண்டும் காணேல்லை. உள்ளுக்கு வா."

"கண்டனான் அம்மா."

"கண்டதெல்லாம் கதைக்கிறதில்லை."

அன்று முழுவதும் என் தலைக்குள் வண்டு புகுந்தது போல இருந்தது. வெள்ளையை வைரவர்தான் சிவப்பாக்கினாரா? என் வேண்டுதலுக்கு அவ்வளவு பலமா? அல்லது அம்மா அவசரத்தில் மாறிக் கட்டிவிட்டாரா? வேண்டுமென்றே கட்டியிருந்தால் அவருக்கு வேண்டிய வெள்ளையல்லவா இரண்டிலும் இருந்திருக்க வேண்டும்? சின்னது வேண்டுமென்று ஒரு கிழமை சண்டை பிடித்தவர் இரண்டு பொட்டலத்திலும் பெரியதை ஏன் கட்ட வேண்டும்? எந்தப் பக்கத்தால் கணக்குப் பார்த்தாலும் விடை பிழைத்தது. போதாக்குறைக்கு, அம்மா அதற்குப் பிறகும் சின்ன எஞ்சின் கட்சியை விட்டு விலகவில்லை. பிக்கப்பில் ஒரு சில்லுக் காற்றுப் போனாலும், "வைரவர் சொன்னபடியால் விட்டன், நானெண்டா விட்டிருக்கமாட்டன்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஆட்டைப் பார்ப்பேன்.

விடை வந்தது, நான் பல்கலைக்கழகத்துக்கு வெளிக்கிட்ட அன்று. அதே பிக்கப்பில் அப்பா என்னை பஸ் ஏற்றக் கொண்டுபோனார். அன்றும் அம்மா வாசலுக்கு வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வழியில் அப்பாவிடம் ஏனென்று கேட்டேன். அவர் வாகனத்தை ஓரமாக நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்.

கடைசி இடம்பெயர்வில் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் சாமான் எல்லாம் ஏற்றி வெளிக்கிட்டு, கொஞ்சத் தூரம் வந்த பிறகு அம்மாவுக்குத் தேங்காய் துருவுகிற பலகை, அந்தத் துருவலை, ஞாபகம் வந்திருக்கிறது. குசினியில் மறந்துவிட்டார். "ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வா" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மாமா சைக்கிளில் திரும்பிப் போனார். வரவில்லை. ஒரு துருவலை.

"அதுக்குப் பிறகு கொம்மா ஒருத்தரையும் போ எண்டு சொன்னதில்லை" என்றார் அப்பா.

நான் தயங்கித் தயங்கி ஆட்டின் கதையைச் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அண்டைக்கு நான் கிணத்தடியில நிண்டு பாத்தனான். வெள்ளைப் பூ மரத்தடிக்குப் போனவா, கை நீட்டினவா, பிடுங்கேல்லை. கன நேரம் நிண்டிட்டுத் திரும்பச் செவ்வரத்தையடிக்கே போயிட்டா."

பிறகு அவர் சிரிக்கவில்லை. எஞ்சினைத் திருப்பி ஸ்டார்ட் செய்தார்.

அந்தச் சத்தத்தோடு எனக்கு ஞாபகம் வந்தது, பிக்கப் முதன்முதலாகத் தம்புள்ளைக்கு வெளிக்கிட்ட பின்னேரம். அம்மா எல்லாம் செய்தார். சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், பப்பாசிப் பெட்டிகளுக்கு மேலே சாக்கை இழுத்துக் கட்டினார். அப்பா ஏறி எஞ்சினை உயிர்ப்பித்ததும் அம்மாவைக் காணவில்லை. அப்பா ஓட்டுகிற கதிரையில் இருந்தபடி குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டேயிருந்தார். நான் உள்ளே ஓடினேன். அம்மா நெருப்பில்லாத அடுப்புக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, அப்பா வெளிக்கிடுறார்."

"கெதியா வரச்சொல்லு."

இன்னும் போகாத மனிதரை எப்படி விரைவாக வரச்சொல்வது? குழப்பத்தோடுதான் வாசலுக்கு ஓடி, அப்படியே சொன்னேன். அப்பா தலையாட்டி, "வாறன் எண்டு சொல்லு" என்றார். பிக்கப் வாசல் படலையைத் தாண்டியது.

நான் திரும்பி வந்து, "அப்பா வாறாராம்" என்றேன். அம்மா விரலை உயர்த்தி என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். பெரிய எஞ்சின் என்றபடியால் சத்தம் நெடுந்தூரம் கேட்டது. குளக்கட்டில் ஏறியது கேட்டது, இறங்கியது கேட்டது, பிரதான வீதியில் திரும்பியதும் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. பாவம், சின்ன எஞ்சின் கிடைக்காத கவலை அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

பக்கத்தில் போய் இருந்து, பெரிய மனுசி போல அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ அம்மா. நீங்கள் என்ன செய்யிறது, வைரவர் சொல்லிப்போட்டார்."

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா.