நங்கூரம் கட்டிய பாப்பரசர்

புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வெளியே பேருந்து விளக்குகள் ஈரத்தெருவில் நீந்துகின்றன. உள்ளே முருகனும் லட்சுமியும் சுவரிலிருந்து என்னையே பார்க்கிறார்கள். மேசையில் இரண்டு படங்கள். ஒன்றில் கழுத்தில் நங்கூரத்தோடு ஒரு வெண்தாடிக்காரர், மற்றதில் இடுப்பில் கைலிபோலச் சாரம் கட்டிய ஓர் இளைஞன். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போடச் சொல்கிறாள் கடைக்காரரிடம் ஒரு பெண்.

"தாடி வச்சவர் யாருங்க?" என்று அவளிடம் கேட்கிறேன்.

"அந்தக் காலத்துப் பாப்பரசர், கிளமெந்து. கிறிஸ்தவ வேதத்தை விடமாட்டன் எண்டு நிண்டவர். நங்கூரத்தைக் கட்டிக் கடலுக்கை தள்ளிப்போட்டாங்கள். பிறகு வருசா வருசம் அவரின்ரை திருநாளுக்குக் கடல் விலகி, கல்லறையைக் காட்டுமாம்."

"மற்றவர்?"

"என்ரை மனிசன். முல்லைத்தீவில கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வரேல்லை."

கடைக்காரர் பழக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலையை எடுத்துக் கணவனின் படத்தருகே வைக்கிறார்.

"மாலை வேண்டாம் அண்ணை. கடல் இன்னும் அவரைக் காட்டேல்லை."

கடைக்காரர் மாலையை எடுத்துவிடுகிறார். சட்டத்தைப் பூட்டி, கண்ணாடியில் நீர் தெளித்துத் துடைக்கிறார். நீர் மெல்ல ஓரத்துக்கு விலகுகிறது. முதலில் நங்கூரம் தெரிகிறது, பிறகு அந்த இளைஞனின் முகம். மழை விட்டுவிட்டது. எனக்குப் போக மனமில்லை.

"இன்னொருக்கால் துடையுங்கோ அண்ணை," என்கிறாள் அவள்.