எப்ரோக் கரையை அவருக்குத் திரும்பச் சொன்ன நாள்

ஸ்பெயினிலிருந்து ஆக்லாந்துக்குத் திரும்பி ஒன்பதாவது நாள், ஒரு சனிக்கிழமை. என் கணவர் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு லின்ஃபீல்டிலிருந்து டிட்டிராங்கி மேட்டுக்கு ஏறி, கிளென் ஈடன் பக்கமாக இறங்கி, வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்தார். கடுங்குளிர். நான் கராஜில் மெஷினுக்குள் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார், கையுறைகளைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கொளுவியில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இஞ்சாரும், ஸ்பெயினுக்கு எப்ப வெளிக்கிடுறம்?"

பகிடி என்று நினைத்தேன். "நாளைக்கு" என்றேன்.

"நாளைக்கோ? சைக்கிள் பெட்டி இன்னும் கட்டேல்லையே!"

அவர் முகத்தில் பகிடி இல்லை. கையிலிருந்த துவாயை மெஷினுக்கு மேலே வைத்தேன்.

"என்னப்பா கதைக்கிறீங்கள்? நாங்கள் போயிட்டு வந்திட்டமெல்லோ?"

"எங்க?"

"ஸ்பெயினுக்கு. தொர்த்தோசாவுக்கு."

அவர் திரும்பிச் சுவரில் சாத்திய சைக்கிளைப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் வந்து நின்றவர்போல, அதே குரலில், "இஞ்சாரும், ஸ்பெயினுக்கு எப்ப வெளிக்கிடுறம்?" என்றார்.

நான் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். பக்கவாதம் என்ற சொல்தான் முதலில் வந்தது. சிரிக்கச் சொன்னேன், சிரித்தார். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், தூக்கினார். என் பெயரைச் சொன்னார், மகளின் பிறந்தநாளைச் சொன்னார். இன்றைக்கு என்ன மாதம் என்றால் தெரியவில்லை. இத்தனை சிக்னல்களைத் தாண்டி, சிவப்புக்கு நின்று, பச்சைக்கு எடுத்து, இந்த மனிதர் எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மனுகாவில் வேலையில் இருந்த மகளுக்குப் போன் எடுத்தேன். "மம், கோல் தி ஆம்புலன்ஸ். நவ். ஐ'ம் கமிங்" என்று வைத்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவரைக் குசினிக் கதிரையில் இருத்தி, போர்வையால் போர்த்துவிட்டேன்.

அப்போதுதான் கேட்டார்: "இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ? அக்கா எடுத்தவவோ?"

மன்னாரில் இருந்த அவருடைய அக்கா சனிக்கிழமை தவறாமல் போன் எடுப்பார். அந்த அக்கா இறந்து அன்றைக்குப் பதினாறு நாள். தொர்த்தோசாவில் நாங்கள் தங்கியிருந்த நான்காவது நாளில்தான் செய்தி வந்தது. இவர் அதையும் மறந்திருக்கலாம் என்று எனக்கு அந்தக் கணத்தில் தோன்றவேயில்லை. பதற்றத்தில் உள்ளதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"அக்கா இல்லையேயப்பா. அக்கா மோசம் போயிட்டா. உங்களுக்குத் தெரியுமெல்லோ."

அவர் வாய் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்த சத்தத்தை முப்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைபோல அழுதார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அழுகை மெல்லக் குறைந்தது. நிமிர்ந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் என்ரை முகம் ஈரமா இருக்கு?" என்றார். "நீர் ஏன் அழுறீர்? அக்கா எடுத்தவவோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எடுத்தவ" என்றேன். "சுகமா இருக்கிறா."

அதற்குப் பிறகு அன்றைக்கு எத்தனை தரம் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

வைத்தியசாலையில் தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மகள் வந்து அப்பாவின் காலடியில் நின்றாள். ஓர் இளம் பெண் டொக்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் நிதானமாக விளக்கினார். பக்கவாதம் இல்லை. மூளை புதிதாக எதையும் பதிந்துகொள்ளாமல் சில மணித்தியாலம் நின்றுவிடுமாம். பின்னோக்கிச் சில வாரங்களையும் மறைத்துவிடுமாம். கடும் குளிரிலோ கடும் வேலையிலோ சிலருக்கு அப்படி வரும். பெரும்பாலும் அன்றைக்கே நினைவு திரும்பிவிடும். "அவருடன் பேசிக்கொண்டிருங்கள், பயப்பட விடாதீர்கள்" என்றார்.

என்னத்தைக் கதைப்பது? அவர் கேட்பதெல்லாம் ஸ்பெயினும் அக்காவும்தான். அக்காவைப் பற்றிக் கதைக்க முடியாது. ஸ்பெயினைச் சொல்லத் தொடங்கினேன்.

அந்தப் பயணம் அவருடைய யோசனை. அவர் மின்சார வேலை செய்பவர். சீனி வருத்தம், நீரிழிவு என்று டொக்டர் சொன்னபிறகு சைக்கிள் ஓடத் தொடங்கினார், பிறகு என்னையும் இழுத்தார். ஆக்லாந்து ரோட்டில் பஸ் முழங்கையை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம், "கார் வராத ரோட்டிலை ஒருக்கா ஓடோணும்" என்பார். இரண்டு குளிர்காலம் கணினியில் தேடித் தேடி எப்ரோ நதிக்கரையில் தொர்த்தோசா என்ற அந்தப் பழைய ஊரைக் கண்டுபிடித்தார். மேலே கோட்டை, கீழே பேராலயம், சுற்றிவர ஆளரவம் இல்லாத சிறு ரோட்டுகள்.

"முதல் நாள் பழைய ரயில் பாதையாலை போனம்" என்றேன். "தண்டவாளம் எல்லாம் கழட்டிப்போட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கினம். தோடம்பழத் தோட்டம் முடிய ஒரு பாலம். பாலம் தாண்டச் சுரங்கம். உள்ளுக்க ஒரே இருட்டு. நீங்கள் முன்னுக்குப் பாட்டுப் படிச்சுக்கொண்டு போனீங்கள், நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலை வந்தனான்."

"நானோ? பாட்டோ?" என்று சிரித்தார். போனில் அவருடைய படத்தைக் காட்டினேன். சுரங்க வாசலில் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நான்தான். ஆனா நான் இஞ்ச போகேல்லை" என்று போனைத் தள்ளிவிட்டார். பிறகு படம் காட்டவில்லை, சொல்லமட்டும் செய்தேன்.

இரண்டாம் நாள் மிராவெத் என்ற ஊரில் ஆற்றைக் கடந்தோம். எஞ்சின் இல்லாத படகு, வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு, குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தின் வேகத்திலேயே அக்கரைக்குப் போகும். மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரமாகக் கடல் பக்கம் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், தண்ணீருக்குள் நாற்று. பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. நாங்கள் ஒதுங்கும்வரை அந்தக் கிழவர் ஹோர்ன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். நம்ப முடியாமல் நாங்கள் இறங்கி நின்று அவருக்குக் கும்பிடு போட்டோம்.

அதோடு நிறுத்திவிட்டு ஆறாம் நாளுக்குப் பாய்வேன். ஏனென்றால் நான்காம் நாள் காலை ஆற்றங்கரைப் படியில் இருந்தபோதுதான் மன்னாரிலிருந்து போன் வந்தது. நல்லடக்கம் மறுநாள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. அவர் போனை வைத்துவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் விடியவே சைக்கிளை எடுத்தார். ஒலிவ் தோட்டங்களுக்குள் ஐம்பது கிலோமீட்டர். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்த அமைதியான ரோட்டில் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் பின்னால் சைக்கிள் ஓடினேன்.

வைத்தியசாலையில் பின்னேரம் நான்கு மணி இருக்கும். எத்தனையாவது தரமோ முதல் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாலம் தாண்டச் சுரங்கம்..."

"இல்லை" என்றார் அவர். "சுரங்கம் முதல். பிறகுதான் பாலம்."

நான் நிறுத்தினேன். மகள் கதிரையிலிருந்து எழும்பினாள்.

"பாலத்திலை உம்மடை செயின் கழண்டது. என்ரை கையெல்லாம் எண்ணெய்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். நான் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னார். படகில் ஒரு சிவப்பு வான் வண்டி நின்றது, படகுக்காரருடைய நாய் என் காலணியை மோந்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "டாட், யூ'ர் பாக்! வந்திட்டீங்கள்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மூன்றாம் நாளுக்கு வந்துவிட்டார். வாய்க்கால், வயல், டிராக்டர் கிழவர். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். மறிக்க ஒரு வழியும் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த நாள் காலமை நாங்கள் படியிலை இருந்தம். நீர் கோப்பி வாங்கி..." என்று வந்தவர் நின்றார். கண்ணைத் திறந்தார். பிறகு, "ஓம், தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். அந்தச் சனிக்கிழமையின் ஆறேழு மணித்தியாலம்மட்டும் அவருக்குத் திரும்பவில்லை, இனியும் திரும்பாது என்றார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்.

"நான் அக்காவைக் கேட்டனானோ?"

"கேட்டீங்கள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"சுகமா இருக்கிறா எண்டு."

கோப்பையை வைத்துவிட்டார். "செத்த மனுசியைச் சுகமா இருக்கிறா எண்டு சொன்னீரோ? என்னட்டையோ?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முதல் தரம் உண்மையைத்தான் சொன்னனான்" என்றேன்.

"அப்ப நான் என்ன செய்தனான்?"

"அழுதீங்கள். இந்த மேசையிலை தலையை வைச்சு."

"நான் அழேல்லையே" என்றார். "அங்கையும் அழேல்லை. எனக்கு அழுகை வரேல்லை."

"வந்தது. நான் பார்த்தனான்."

அவர் மேசையைப் பார்த்தார். கையால் ஒருமுறை தடவினார். பிறகு எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு தேவைக்குமட்டுமே கதைத்தார். மூன்றாம் நாள் மன்னாருக்குப் போன் எடுத்து அத்தானோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அக்கா கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன சேலை உடுத்தினார்கள், யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தொர்த்தோசாவில் இருந்து ஒருமுறைகூட அவர் இதைக் கேட்கவில்லை.

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை இங்கே நாங்கள் போகும் மாதா கோவிலில் நடந்தது. முடிந்து வெளியே நின்றபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இவருடைய கையைப் பிடித்து, "எல்லாத்தையும் உள்ளுக்க வைச்சிருக்காதையுங்கோ, ஒருக்கா அழுதால் மனம் ஆறும்" என்றார்.

"அழுதிட்டனாம்" என்றார் இவர், என்னைக் காட்டி. "இவவைக் கேளுங்கோ. இவதான் பார்த்தவ."

ஊர்க்காரருக்கு விளங்கவில்லை. காருக்கு நடக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு முன்னால் அவர் அப்படிச் செய்பவரல்ல.