கனகாம்பிகை ஊற்றிய தண்ணீர்

போன கிழமை கொட்டடியில் கண்மூடிய கனகாம்பிகையைக் குருநகரில் எல்லோரும் 'மருத்துவிச்சியக்கா' என்றே அழைத்தோம். சைவப் பெண். எங்கள் கத்தோலிக்கத் தெருவில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். நோவில் கத்துகிற பெண்களிடம், "மாதாவைக் கூப்பிடு பிள்ளை, என்ரை அம்மன் வேறை வீட்டிலை நிக்கிறா" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். எந்த வீட்டிலும் வெற்றிலை போடாமல் எழும்ப மாட்டார்.

1959 மாரியில் என் அக்கா லூர்த்தம்மாவுக்கு எட்டாம் மாதமே நோக் கண்டது. அத்தான் லியோன் கடலில். பிறந்த ஆண் குழந்தைக்கு மூச்சு இழுபட, நான் பங்குச் சுவாமியாரைக் கூட்டிவர மழைக்குள் ஓடினேன். அவரும் உபதேசியார் கிறகோரியும் என்னோடு வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

எழும்ப முடியாமல் கிடந்த அக்கா கெஞ்சியிருக்கிறாள். கனகாம்பிகை குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, அக்கா சொல்லச் சொல்ல, யாகோப்பு என்று பெயரிட்டு, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பேராலே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பிறகு பழக்கத்தில் மடியிலிருந்த திருநீற்றையும் நெற்றியில் பூசியிருந்தார்.

உபதேசியார் அதைப் பார்த்ததும் செல்லாது என்றார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குச் சேமக்காலையின் மந்திரித்த மண்ணில் இடமில்லை. மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். அக்கா அழவில்லை. சுவாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவர் கனகாம்பிகையிடம், "என்ன நினைச்சு ஊத்தினீங்கள் அம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் சுவாமி? உங்கடை கோயிலிலை என்ன செய்வினமோ, அதுவா இருக்கட்டும் எண்டு ஊத்தினன்."

"அப்ப திருநீறு?" என்றார் உபதேசியார்.

"அது என்ரை பங்கு. வெறும் நெத்தியோடை அனுப்ப மனம் வரேல்லை."

சுவாமியாரின் முகம் இளகியது. குழந்தை சேமக்காலைக்குள்தான் என்றார்.

புறத்தியார் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்று ஆதித் திருச்சபையில் ஆயர்களே பிரிந்து நின்று வாதாடினார்கள் என்று பிறகு சுவாமியார் எனக்கு விளக்கினார். திருச்சபை செய்வதைச் செய்ய நினைத்து ஊற்றினால் போதும், கை யாருடையதானாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான் என்ற போதனையே கடைசியில் நிலைத்ததாம். கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். இன்று யார் நம்மவர், யார் புறத்தியார் என்று ஆட்களைப் பிரிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்தப் பாடமல்ல, கனகாம்பிகையின் ஈரக்கைதான்.

மறுநாள் அடக்கத்துக்குக் கனகாம்பிகையும் வந்தார். சேமக்காலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். விடியக் கரையேறியிருந்த அத்தான், சின்னப் பெட்டியோடு திரும்பி அவரிடம் வந்தார்.

"தண்ணி ஊத்தின ஞானத்தாய் வெளியிலை நிண்டால் பிள்ளையை ஆர் கொண்டுபோறது?"

கனகாம்பிகை பெட்டியை இரு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். உபதேசியார் வழிவிட்டு ஒதுங்கினார்.