ருசிக்கு ஒரு வாய்

எழுபதுகளில், கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து கொச்சங்காடிக்குப் போகிற வழியில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கள்ளு ஷாப்பில் ஊற்றிக்கொடுக்கும் வேலை பார்த்தேன். காலையில் சைக்கிளில் கேன்கள் வந்து இறங்குவதிலிருந்து, கடைசி ஆள் போனபிறகு பெஞ்சுகளைக் கழுவிக் கவிழ்ப்பது வரை, எல்லாம் நின்றுகொண்டே செய்யும் வேலை. தரையில் எப்போதும் ஈரம். கால்விரல் இடுக்கில் வந்த சேற்றுப்புண் ஆறவே ஆறாது. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கையிலிருந்து புளித்த வாடை போகாது. சோறு பிசைந்தால் அந்த வாடையும் சேர்ந்தே வாய்க்குப் போகும். வந்த புதிதில் குமட்டியது. அப்புறம் அதுவும் இல்லை.

ஆனால் என்னை அதிகம் களைக்க வைத்தது நிற்பதல்ல. ருசி கேட்டு வருகிறவர்கள்தான்.

பிற்பாடு, எண்பதுகளில், அக்கரையில் எர்ணாகுளத்தில் ஒரு பாரில் வேலைக்குப் போனேன். அங்கே பீர் அடைத்த பாட்டிலில் வரும். மூடியைத் திறந்துவிட்டால் அது வாங்கியவருடையது. கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுப்பீர்களா என்று தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். கள்ளு அப்படியில்லை. காலையில் இறக்கியது மதியம் வரை இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிக்கும். சாயங்காலத்துக்குள் மூத்துப்போய்த் தலைக்கு ஏறும். மரத்துக்கு மரம், கேனுக்குக் கேன் வேறு மாதிரி. அதனால் பாட்டில் சொல்வதற்கு முன்னால் ஒரு வாய் ருசி பார்ப்பது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை. அதற்கு யாரும் காசு வாங்குவதில்லை.

உரிமை என்றாலும் அதற்கென்று ஒரு முறை இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை. கூட்டம் நெருக்கும்போது கேட்கக் கூடாது. நின்றுகொண்டு கேட்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் வாங்கப் போகிறோம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் கிளாஸை வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் நாலு பேர் காதில் விழும்படி தண்ணி கலந்திருக்கிறது என்று சொல்லக் கூடாது. ஒரு கேனிலிருந்து ஒரு தடவைதான். இதெல்லாம் தெரிந்தவர்களும் மீறுவார்கள். ஒரு கிடங்குக் கணக்குப்பிள்ளை தினமும் வந்து, எனக்குப் பெரிய உபகாரம் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கேனிலும் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போரா", சரியில்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கும்பலாக வந்து ஆளுக்கொரு வாய் கேட்டுவிட்டு, எல்லோருக்குமாக ஒரே பாட்டில் வாங்குவார்கள். யாருக்கு இல்லை என்று சொல்வது, யாருக்குச் சிரித்துக்கொண்டே ஊற்றுவது என்று நாள் முழுக்க முகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலமானால் முகங்களைப் பார்க்கவே பிடிக்காது.

இவர்களில் ஒருவர் மட்டும் முறை தவறியதே இல்லை. மூட்டை சுமந்து இடுப்பு போய், வேலையை விட்டவர். என்னைப் போலத் தமிழ் ஆள்தான், அவர் தகப்பனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மதியக் கூட்டம் கலைந்த பிறகே வருவார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. உட்கார மாட்டார். மற்றவர்கள் என்னை அண்ணாச்சி என்று கொஞ்சம் கேலியாகக் கூப்பிடுவார்கள். அவர் தம்பி என்பார்.

"தம்பி, சிரமம் இல்லைன்னா ருசிக்கு ஒரு வாய்."

ஊற்றுவேன். மெதுவாகக் குடிப்பார். "நல்லா இருக்கு தம்பி. இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பாக்கலாம்" என்பார். கிளாஸைத் தானே தொட்டியில் அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். வாங்கியதே கிடையாது. ஆனாலும் அப்படிக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவம், கையில் ஓட்டமில்லாத மனுஷன், மரியாதை தெரிந்தவர் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களுக்கு ஊற்றுவதைவிட அவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.

ஒரு நாள் அடுக்களை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இஞ்சிக் கிடங்கில் சுக்கு புடைக்கிற வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. தலைமுடியிலும் புருவத்திலும் வெளிறிய தூசி. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த சேச்சி என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு காரியம் சொல்லணும்" என்றாள் வந்தவள். "மத்தியானம் வருவாரே, தோள்ல துண்டு போட்டுக்கிட்டு. அவரு எங்க வீட்டுக்காரரு."

"சொல்லுங்க அக்கா."

"மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கோம். இனி கள்ளுக்குன்னு ஒரு பைசா செலவழிக்க மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு. பண்ணின மாதிரியே ஒரு பைசாவும் எடுக்கல. ஆனா தினமும் சாயந்தரம் தள்ளாடிக்கிட்டுத்தான் வர்றாரு. எங்கே குடிச்சீங்கன்னு கேட்டா கையை விரிச்சுக் காட்டுறாரு. எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்போல இருந்துச்சு. கடைசியில நேத்து லீவு போட்டுட்டு பின்னாலயே நடந்தேன்."

அவள் பார்த்ததைச் சொன்னாள். எங்கள் ஷாப்பில் ஒரு வாய். அங்கிருந்து படகுத்துறைப் பக்கம் உள்ள ஷாப்பில் ஒரு வாய். பிறகு பஜாருக்குப் பின்னால். பிறகு தோப்பும்படிக்குப் போகிற வழியில் இருக்கிற ஷாப்புகள் ஒவ்வொன்றிலும். வெயில் தாழ்ந்ததும், ஆள் மாறியிருக்கிற நேரம் பார்த்து, திரும்பி வருகிற வழியில் எங்களுடையதைத் தவிர மறுபடியும் அதே ஷாப்புகள். எல்லா இடத்திலும் அதே மரியாதை, அதே கிளாஸ் கழுவல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"எல்லா ஷாப்பிலயும் போய்ச் சொல்லிட்டேன். இனிமே கொடுக்காதீங்க தம்பி."

சரி என்றேன்.

மறுநாள் அவர் வந்து கேட்டபோது, நான் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அண்ணே, இனி யாருக்கும் ருசி கொடுக்க வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாரு." சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் நின்ற ஒரு சுமட்டுக்காரன் கிளாஸை நீட்டினான். பழக்கத்தில் என் கை போய் ஊற்றிவிட்டது. அவர் அந்தக் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்காரி வந்தாளா?"

நான் சிந்தியதைத் துடைக்கக் குனிந்தேன். அவர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். "சரி தம்பி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எந்த ஷாப்புக்கும் போகவில்லை என்று மற்ற இடங்களில் ஊற்றுகிறவர்கள் சொன்னார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து, மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்த அக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை அடுக்களை வாசலுக்கு வரவில்லை. நேராக முன்வாசலில், பெஞ்சு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது, நனைந்த சேலையோடு உள்ளே வந்தாள். கையில் ஒரு சின்னத் தூக்குவாளி.

"தம்பி, ருசிக்குக் கொஞ்சம் குடு."

ஷாப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருத்தன், "ஆருக்கா ருசி? நினக்கோ?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அவருக்குத்தான் தம்பி. கை நடுங்குது. சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டு போக முடியல. வேர்த்துக் கொட்டுது. இல்லாத ஆளோட பேசறாரு. நம்ம தெருவில ஒரு நர்ஸம்மா இருக்காங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னாங்க. வர மாட்டேங்கிறாரு. அப்போ ஒரேயடியா நிறுத்தாதே, உசுருக்கே ஆபத்து, மெல்ல மெல்லக் குறைன்னு சொன்னாங்க."

கல்லாவில் முதலாளி இருந்தார். கெட்டவர் இல்லை, ஷாப்பு நடத்திக் களைத்துப் போனவர். "சேச்சி, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போ. அளந்து அளந்து கொடுக்கலாமல்லோ. எந்தினா சும்மா கேட்டு நிக்குந்நது?" என்றார்.

"வாங்க மாட்டேன்."

"பைசா இல்லேல் பின்னெ தந்தா மதி, கணக்கில எழுதிக்கலாம்."

"பைசா இருக்கு. கொண்டுதான் வந்திருக்கேன்" என்று அவள் இடுப்பு முடிச்சைத் தொட்டாள். "ஆனா காசு கொடுத்தா அவரு சத்தியம் போயிரும். மக தலையில அடிச்ச சத்தியம். அவரு இதுவரைக்கும் அதை மீறல. நான் மீற வைக்க மாட்டேன். எனக்கு ருசிக்குத்தான் வேணும்."

சிரித்தவன் தன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி கேனைக் கைகாட்டி, "அண்ணாச்சி, ஒழிச்சு கொடுக்கு" என்றார்.

ஊற்றினேன். அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவு வேண்டாம்" என்று பாதியைத் திரும்பக் கேனில் ஊற்றச் சொன்னாள். ருசி கேட்டு வந்து அதிகம் என்று சொன்ன ஆளை அந்த ஷாப்பில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். இஞ்சிக் கிடங்கில் சாப்பாட்டு நேரம் விட்டதும் வருவாள். யாரும் சொல்லித்தராமலே முறை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கூட்டம் இருந்தால் அடுக்களைப் பக்கம் ஒதுங்கி நிற்பாள். முதலாளி சில நாள் தலையை நீட்டி, "குறஞ்ஞோ?" என்று கேட்பார். அவள் விரலால் அளவு காட்டுவாள். வீட்டில் அவருக்கு அதை ஒரு மருந்துக் கிளாஸில் ஊற்றி, தன் கண்முன்னால் குடிக்க வைப்பதாகச் சொன்னாள்.

நேராக இறங்கிப் போன கதை இல்லை அது. ஒரு நாள் வந்துவிட்டுப் போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. "பிடுங்கினாரு தம்பி. எல்லாம் தரையில போச்சு. உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு" என்றாள். ஒரே கேனில் இரண்டாவது வாய் கொடுக்கிற வழக்கமில்லை. அன்று யாரும் அதைப் பேசவில்லை. நான் ஊற்றினேன், அவள் ஓடினாள். எனக்குக் கால் வலி தாங்க முடியாத நாள் அது. அவளும் காலையிலிருந்து குத்தவைத்துப் புடைத்துவிட்டு வந்தவள்தான் என்பது அவள் போனபிறகுதான் உறைத்தது.

இன்னொரு நாள் வாளியை வாங்கியவள் கிளம்பாமல் நின்றாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இதுக்காகவா தம்பி?"

"எனக்குத் தெரியாது அக்கா. நான் குடிக்கிறதில்ல."

"நல்லா இருக்கு போ" என்றாள். "ஊத்திக் கொடுக்கிறவனும் குடிக்கிறதில்ல. வாங்கிட்டுப் போறவளும் குடிக்கிறதில்ல. நடுவுல கிடந்து நாம ரெண்டு பேரும் சாகறோம்."

முதல் தடவையாக அவள் சிரித்ததை அன்று பார்த்தேன். களைத்துப் போனவர்கள் சிரிக்கிற மாதிரி, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் வாளியின் அடி நனைகிற அளவுக்கு வந்து, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகி, கடைசியில் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. என்னைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு நீட்டியதுபோலவே கிண்ணத்தை நீட்டினார். "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். உடனே அடுத்து வந்தவர் பக்கம் திரும்பிவிட்டார். ஊற்றிக் கொடுத்தவன் முகத்தை மகள் கல்யாணத்தில் பார்க்க எந்த அப்பனுக்குத்தான் பிடிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. பிறகு வேலைக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஷாப்பு இருந்த தெருவில் நடப்பதே இல்லை. சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார் என்று கேள்வி. ஆனால் அந்த அக்கா, கல்யாணம் முடிந்து வெகுநாள் ஆன பிறகும், சில மதியங்களில் அடுக்களை வாசலில் வந்து நிற்பாள். கையில் ஒன்றும் இருக்காது.

முதல் தடவை நான் கிளாஸை வைத்துவிட்டு ஓடிப் போனேன். "என்ன அக்கா, மறுபடியுமா?" என்றேன்.

"இல்ல தம்பி. அவரு நல்லா இருக்காரு. எனக்குத்தான் இந்த நேரமானா கால் தானா இங்க வருது" என்றாள்.

சேச்சி அடுப்பிலிருந்து ஒரு சாயா எடுத்துக் கொடுத்தாள். அக்கா படியில் உட்கார்ந்து, சேலைத் தூசியைத் தட்டிவிட்டு, அதை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கிடங்கில் மணி அடிக்கிற வரைக்கும் இருந்தாள்.